நிற்கக் கற்ற கதை

ஓட்டத்துக்குச் சரித்திரம் எழுதியவர்கள் நிறையப் பேர். எந்த வருஷம் எந்த மோட்டார் மணிக்கு எத்தனை மைல் ஓடிற்று என்பதைப் பள்ளிக்கூடத்துப் பையன்கூட ஒப்பித்துவிடுவான். ஓடின வண்டி எப்படி நின்றது என்று கேட்டுப் பாருங்கள், பெரியவர்களே விழிப்பார்கள். "பிரேக் போட்டான், நின்றது" என்பார்கள். அந்த வாக்கியத்தின் நடுவில் இருக்கிறதே ஒரு காற்புள்ளி, அதற்குள் ஏறக்குறைய நூற்றைம்பது வருஷத்துக் கதை ஒளிந்துகொண்டிருக்கிறது.

அந்தக் கதையைச் சொல்லுமுன் ஒரு நடுக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கார் வைத்திருக்கும் நேயர்களில் பலருக்கு இது அனுபவமாகியிருக்கும். நாற்கரச் சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது. தூரத்தில் ஒரு லாரி தெரிகிறது. பிரேக்கை லேசாக மிதிக்கிறீர்கள். உடனே ஸ்டீயரிங் சக்கரம் குளிர்ஜுரம் வந்தவன் கையைப் போல வெடவெட என்று ஆடத் தொடங்குகிறது. வேகம் 70-க்கு, 60-க்கு இறங்கினதும் ஒன்றும் நடக்காததுபோல் ஓய்ந்துவிடுகிறது. ஊருக்குள் ஓட்டினால் இல்லவே இல்லை. மெக்கானிக் தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஒன்றும் இல்லையே, சார்" என்கிறார்.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். யந்திர சாஸ்திரம் படித்தவன் அல்ல. ஆனாலும் இந்த நடுக்கத்தில் எனக்கு ஒரு தனி ருசி உண்டு. காரணம், இது ஒரு துப்பறியும் கதை. குற்றம் நடந்த இடம் தெரிகிறது; நேரம் தெரிகிறது; ஆனால் ஒவ்வொரு தலைமுறையிலும் தவறான ஆசாமியையே பிடித்து உள்ளே போட்டிருக்கிறார்கள். அசல் குற்றவாளி பக்கத்திலேயே வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றிருக்கிறான்.

முதலில் பிடிபட்ட தப்பு ரயிலைப் பற்றியது. 1780-களில் பிரெஞ்சுக்காரரான கூலோம் உராய்வைப் பற்றி ஆராய்ந்து சில விதிகளைச் சொல்லிவைத்தார். இரண்டு பொருள்கள் உரசும்போது உண்டாகும் தடை, அவை எவ்வளவு வேகமாக உரசுகின்றன என்பதைப் பொறுத்ததல்ல என்பது அவற்றில் ஒன்று. சாதாரண வேகங்களுக்கு இது ஏறக்குறைய சரிதான். அதனால் ஒரு நூற்றாண்டுக் காலம் எல்லாரும் இதையே நம்பினார்கள். சக்கரத்தின்மேல் இரும்புக் கட்டையை அழுத்தினால் அது எந்த வேகத்திலும் ஒரே பிடிதான் பிடிக்கும்; ஆகவே சக்கரம் சுழலாமல் நின்றுபோகும்படி அழுத்திவிட்டால் ரயில் வெகு சீக்கிரம் நின்றுவிடும் என்பது அன்றைய ரயில்வேக்காரர்களில் பலருடைய எண்ணம். ரயில்களோ மணிக்கு 60 மைல் வரை ஓடத் தொடங்கிவிட்டன. விபத்துகளில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

1878-ல் காப்டன் டக்ளஸ் கால்ட்டன் என்பவர் இங்கிலாந்தில், லண்டனையும் பிரைட்டனையும் இணைத்த ரயில் கம்பெனியின் பாதையில், ஒரு பரீட்சை நடத்தினார். காற்றுப் பிரேக்கைக் கண்டுபிடித்து 1869-ல் பேட்டண்ட் வாங்கியிருந்த அமெரிக்கர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் அதற்கு வேண்டிய கருவிகளைச் செய்து கொடுத்தார். (கால்ட்டன் ராணுவ என்ஜினீயர், புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் உறவுப் பெண்ணை மணந்தவர், அம்மையாரின் யோசனைப்படி ஆஸ்பத்திரிக் கட்டடங்களுக்கு வரைபடம் போட்டவர். நோயாளிகளுக்குக் காற்றோட்டம் வேண்டும் என்று கவலைப்பட்ட அதே மனிதர்தான் ரயில் பிரேக்குக்கும் கவலைப்பட்டிருக்கிறார்.) ஒரு தனி வண்டியில் அளவுகளைத் தானே எழுதிக்கொள்ளும் கருவிகளைப் பொருத்தி, பல வேகங்களில் ஓட்டி, பிரேக் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள்.

முடிவு எல்லாரையும் திகைக்கவைத்தது. மணிக்கு 60 மைல் வேகத்தில் வார்ப்பிரும்புக் கட்டையின் உராய்வு 0.074. வேகம் குறையக் குறைய இந்த எண் ஏறிக்கொண்டே போய், சக்கரம் நிற்கப் போகும் தறுவாயில் 0.33 ஆகிவிட்டது. நாலு மடங்குக்கு மேல்! அதாவது, எப்போது பிடி அதிகம் வேண்டுமோ அப்போது பிரேக் கையை விரிக்கிறது. எப்போது வேண்டாமோ அப்போது உடும்புப் பிடி பிடிக்கிறது. பழைய ரயில்கள் ஸ்டேஷனில் நிற்கும் கடைசிக் கணத்தில் ஓர் உலுக்கு உலுக்கி, மேல் தட்டில் இருக்கும் கூஜாவைத் தள்ளிவிட்டது இதனால்தான். டிரைவரின் மேல் கோபித்துக்கொண்டு பயன் இல்லை.

கால்ட்டன் கண்ட இன்னொரு விஷயம் அதைவிட முக்கியம். சக்கரம் சுழலாமல் இறுகி, தண்டவாளத்தில் சறுக்கிக்கொண்டு போனால், சுழன்றுகொண்டே பிரேக் பிடிக்கப்படும் சக்கரத்தைவிட மிகக் குறைவாகவே வண்டியைத் தடுக்கிறது. சறுக்குவதற்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றார். இன்றைக்குக் கார் விளம்பரங்களில் ஏ.பி.எஸ். என்று பெருமையாகப் போடுகிறார்களே, அதன் தாத்தா இந்த 1878-ம் வருஷத்து ரயில் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறார்.

மோட்டார் பிறந்தபோது இந்தப் பாடங்களை யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் அம்மாள், கணவர் கார்ல் பென்ஸுக்குத் தெரியாமல், இரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த தாய்வீட்டுக்கு மோட்டாரிலேயே போனார் அல்லவா? மேட்டில் வண்டியைத் தள்ளினார்கள். பள்ளத்தில் மரப் பிரேக்குக் கட்டைகள் தேய்ந்துபோயின. அம்மாள் ஒரு செருப்புத் தைப்பவரைப் பிடித்து, கட்டைகளின்மேல் தோலை ஆணி அடித்துப் பொருத்தச் சொன்னார். பிரேக்குக்கு முதல் 'லைனிங்' போட்டவர் ஒரு குடும்ப ஸ்திரீ. இங்கிலாந்தில் ஹெர்பர்ட் புரூட் என்பவரும் டெர்பிஷையர் மலைச் சரிவில் வண்டிக்காரர்கள் பழைய பூட்ஸைப் பிரேக்குக் கட்டையாக வைப்பதைப் பார்த்துத்தான் 1897-ல் லைனிங் தொழிலில் இறங்கினார் என்று சொல்வார்கள். பிற்பாடு தோலும் துணியும் போய் ஆஸ்பெஸ்டாஸ் வந்தது. உஷ்ணத்தைத் தாங்கியது, அதன் தூசி மனிதருடைய நுரையீரலை அரித்தது என்பதை உலகம் நிதானமாகத்தான் ஒப்புக்கொண்டது. பிரிட்டனில் அதற்கு முழுத் தடை வந்தது 1999-ல்.

உஷ்ணம் என்றேன். பிரேக்கின் சரித்திரமே அந்த ஒரு சொல்தான். ஓடும் வண்டியின் வேகம் எங்கேயும் மாயமாகிவிடுவதில்லை. அத்தனையும் சூடாக மாறுகிறது. 1,300 கிலோ எடையுள்ள ஒரு சாதாரணக் காரை 110 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுதும் நிறுத்தினால் பிறக்கும் சூட்டைக்கொண்டு இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்துவிடலாம். நம் வீட்டு அடுப்புக்கு அதற்குப் பத்து நிமிஷமாவது வேண்டும். பிரேக்குக்கு ஐந்தாறு விநாடிதான் அவகாசம். வேகம் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு. ஊருக்குள் யோக்கியனாக இருக்கும் பிரேக் நெடுஞ்சாலையில் குணம் மாறுவதன் ரகசியம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

பழைய டிரம் பிரேக், குண்டானைக் கவிழ்த்ததுபோல் மூடியிருக்கும். உள்ளேயிருந்து இரண்டு வளைந்த கட்டைகள் விரிந்து அதன் உட்சுவரை அழுத்தும். மழையும் சேறும் உள்ளே வராது. சூடு வெளியே போகாது. சூடானால் டிரம் விரிந்து கட்டையைவிட்டு விலகும். மிதியை இன்னும் மிதிக்க வேண்டும்; இன்னும் சூடு; இன்னும் விலகல். மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக் கைவிட்டுவிட்டது என்று அந்தக் கால டிரைவர்கள் கலங்கியது இதைத்தான். டிரம் வட்டம் பிசகிக் கொஞ்சம் முட்டை வடிவாகிவிட்டால் மிதியில் ஒரு துடிப்பும் தெரியும்.

பர்மிங்ஹாமில் பிரெடெரிக் லான்செஸ்டர் 1902-லேயே வேறு வழி சொல்லிவிட்டார். மூடிய குண்டான் வேண்டாம். வெளியே காற்றில் சுழலும் ஒரு தட்டு. அதை இரண்டு பக்கமும் இரண்டு விரலால் பிடிப்பதுபோல் கவ்விப் பிடிக்கலாம். தட்டு சூடானால் விரலை விட்டு விலகாமல் விரலை நோக்கித்தான் தடிக்கும். நல்ல யோசனை. ஆனால் கவ்வும் இடத்தில் தாமிரம் வைத்திருந்தார். அது போட்ட கிறீச்சு கேட்டுத் தெருவே காதைப் பொத்திக்கொண்டது. யோசனை அரை நூற்றாண்டு தூங்கிற்று. ஆகாய விமானங்கள் கனத்து, வேகமாக இறங்கத் தொடங்கிய பிறகுதான் டன்லப் கம்பெனி போன்றவர்கள் அதைத் தட்டி எழுப்பினார்கள்.

கதையில் சூடு பிடிப்பது இங்கேதான். 1952-ல் ஜாகுவார் கம்பெனியின் சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் என்பவர் டன்லப்பின் தட்டுப் பிரேக்கைப் பந்தயக் காரில் பொருத்தி ஓட்டு ஓட்டு என்று ஓட்டினார். எத்தனையோ உபத்திரவங்கள். சூட்டில் பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழியிட்டு, மிதி தரையைத் தொட்டுவிடும். இன்னொரு தொல்லை நம் கதைக்கு நேரடி சம்பந்தம் உள்ளது. வளைவில் வண்டி சாயும்போது சக்கரத்தோடு தட்டும் ஒரு மயிரிழை சாய்ந்து, இரு பக்கத்துப் பேட்களையும் தள்ளி விலக்கிவிடும். அடுத்த தடவை மிதித்தால் மிதி காலியாகப் போகும். தட்டு எவ்வளவு நேராகச் சுழல வேண்டும் என்பது அப்போதுதான் மனிதர்களுக்கு உறைத்தது. அந்த வருஷம் மே மாதம் இத்தாலியில் நடந்த ஆயிரம் மைல் பந்தயத்தில் ஸ்டிர்லிங் மாஸ் ஓட்ட, டூயிஸ் பக்கத்தில் உட்கார்ந்து போனார். வழியில் அடிபட்டுப் பந்தயத்தை முடிக்க முடியவில்லை. ஜூன் கடைசியில் பிரான்ஸில் ரைம்ஸ் பந்தயத்தில் மாஸ் அதே வகைப் பிரேக்கோடு முதலாவதாக வந்தார்.

அடுத்த வருஷம் லெ மான். இருபத்துநாலு மணி நேரம் ராப்பகலாக ஓடும் பந்தயம் அது. அன்றைய பாதையில் சுமார் 6 கிலோமீட்டர் நேராகப் போகும் ஒரு சாலை உண்டு. அதில் 240 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏறிப் போய், முடிவில் ஒரு குறுகிய திருப்பத்தில் நடை வண்டியைப் போல் திரும்ப வேண்டும். ஒவ்வொரு தடவையும் எட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் சூடு! 1953-ல் டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் ஓட்டிய ஜாகுவார் அந்தத் திருப்பத்தை 304 தடவை கடந்து ஜயித்தது. சராசரி வேகம் மணிக்கு 105 மைலுக்கு மேல்; அங்கே நூறு மைலைத் தாண்டிய முதல் வெற்றி. ருசிகரமான சங்கதி என்னவென்றால், நேர்ச்சாலையில் அதைவிட வேகமாக ஓடிய அமெரிக்க வண்டி ஒன்று இருந்தது. கன்னிங்ஹாம் என்று பெயர். அதற்கு டிரம் பிரேக். அதன் ஓட்டுநர்கள் திருப்பத்துக்கு வெகு தூரம் முன்பே காலைத் தூக்கவேண்டியிருந்தது. மூன்றாவதாக வந்தது. வேகமாக ஓடத் தெரிந்தவனை நிற்கத் தெரிந்தவன் ஜயித்தான் என்று பத்திரிகைக்காரர்கள் எழுத வசதியாகப் போயிற்று.

1955-ல் யாரும் அப்படிக் குதூகலமாக எழுதவில்லை. அந்த வருஷம் ஜூன் 11-ம் தேதி மாலை, அதே லெ மானில், மைக் ஹாதார்ன் தம்முடைய ஜாகுவாரைப் பெட்ரோல் போடுவதற்காக வலப்புறம் ஒதுக்கிப் பிரேக் போட்டார். பின்னால் வந்த லான்ஸ் மாக்லினின் ஆஸ்டின் ஹீலி மோதாமல் தப்ப இடப்புறம் விலகிற்று. அதன் பின்னால் பறந்து வந்த பியேர் லெவேயின் மெர்ஸிடஸ் அதன்மேல் ஏறி எகிறி, ஜனக் கூட்டத்துக்குள் போய் விழுந்தது. லெவேயோடு எண்பது பேருக்கு மேல் மாண்டார்கள். மோட்டார்ப் பந்தயச் சரித்திரத்தில் அதைவிடக் கோரமான மாலை கிடையாது.

உடனே ஒரு விளக்கம் பிறந்தது. ஜாகுவாருக்குத் தட்டுப் பிரேக், டக்கென்று நின்றது. மெர்ஸிடஸுக்கு டிரம்; நிற்க முடியவில்லை. டிரம் போதாது என்று அந்தக் கம்பெனிக்கும் தெரியும். அதனால்தான் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் காற்றைத் தடுக்க ஒரு பெரிய மடக்குப் பலகையை வைத்திருந்தார்கள். ஆகவே பழைய பிரேக்குக்கும் புதிய பிரேக்குக்கும் நடந்த மோதல் இது என்றார்கள். கேட்பதற்குக் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் நடுவில் அகப்பட்டுக்கொண்ட மாக்லினின் ஆஸ்டின் ஹீலிக்கும் நாலு சக்கரத்திலும் தட்டுப் பிரேக்குத்தான். கச்சிதமான விளக்கத்துக்குள் அது அடங்க மறுக்கிறது. குறுகலான பாதை, பெட்ரோல் போடும் இடத்துக்கும் பாதைக்கும் நடுவே சுவர் இல்லாமை, ஏற்றத்தாழ்வான வேகங்களில் ஓடிய வண்டிகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து விசாரணை யாரையும் குற்றவாளியாக்கவில்லை. என் அபிப்பிராயத்தில் அந்த விசாரணை நியாயமானதே. பிரேக் விஷயத்தில் முதலில் தோன்றும் விளக்கத்தைச் சந்தேகிக்கும் பழக்கம் எனக்கு வந்தது இதைப் படித்த பிறகுதான்.

அதே 1955 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் ஸிட்ரோயன் கம்பெனி தன் டி.எஸ். காரை முன் சக்கரத் தட்டுப் பிரேக்கோடு காட்டிற்று. பத்திருபது வருஷத்தில் குடும்பக் கார்களுக்கெல்லாம் அது வந்துவிட்டது. நம் ஊரில் அம்பாஸடர் வெகு காலம் நாலு டிரம்மோடு ஓடிற்று. ஆனால் அந்த வேகத்துக்கு நம் சாலைகளும் இடம் கொடுக்கவில்லை. சாலைகள் அகன்று, கார்கள் நூறைத் தாண்டத் தொடங்கின பிறகுதான் நான் முதலில் சொன்ன நடுக்கம் வீட்டுக்கு வீடு அறிமுகமாயிற்று. அதற்கு ஒரு காரணமும் ஊர் ஊராகப் பரவிற்று: "தட்டு வளைந்துவிட்டது."

சூடானால் தகரம் வளைகிறது, தோசைக்கல்கூட வளைகிறது. பிரேக்குத் தட்டு வளையாதா? நம்பத் தகுந்த சாட்சியம்தான். ஆனால் காரல் ஸ்மித் என்ற அமெரிக்கப் பந்தய என்ஜினீயர் இதை மறுத்தார். 1960-களில் லெ மானில் ஜயித்த போர்டு ஜிடி 40 கார்களோடு வேலை செய்தவர். அந்தக் கார்கள் 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, அதே திருப்பத்தில் நிற்க வேண்டியவை. தட்டுகள் சூட்டில் வெடித்தன. 1966 பந்தயத்தில் நடுவழியில் தட்டையே சீக்கிரம் கழற்றி மாற்றுவதற்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். அப்படிப்பட்ட சூட்டைப் பார்த்த மனிதர், தம் நீண்ட அனுபவத்தில் உண்மையாகவே வளைந்த தட்டை ஒரு தடவைகூடக் கண்டதில்லை என்று எழுதினார். 2003-ல் காலமாகும் வரையில் இதைச் சொல்லிச் சொல்லி அவருக்கு அலுத்திருக்க வேண்டும்.

பிறகு நடுக்கம் எங்கிருந்து வருகிறது? பேட் தட்டில் உரசும்போது தன்னில் கொஞ்சத்தை அதன்மேல் பூசிவிட்டுப் போகிறது. மெல்லிய, சமமான பூச்சாக இருந்தால் நல்லது. பிரேக் பிடிப்பதே அதனால்தான். கடும் சூட்டில் பிரேக் போட்டு, சிக்னலில் அப்படியே மிதித்துக்கொண்டு நின்றால், பேட் அழுத்தின இடத்தில் மட்டும் பூச்சு கெட்டியாகப் படிந்துவிடும். அடுத்த தடவை அந்த இடத்தில் பிடி அதிகம். ஆகவே சூடு அதிகம். ஆகவே மேலும் பூச்சு. மிஞ்சிப் போனால் அந்த இடத்து வார்ப்பிரும்பே கடினமான வேறொரு பொருளாக மாறிவிடுகிறது. ஸிமென்டைட் என்று அதற்குப் பெயர். பிறகு தட்டைக் கடைந்தாலும் அதன் வேர் உள்ளே இருக்கும். கொஞ்ச நாளில் மறுபடியும் தலை தூக்கும்.

இந்த "ஆகவே, ஆகவே" சங்கிலியைக் கணக்கில் பிடித்தவர் ஜே. ஆர். பார்பர் என்ற ஆங்கிலேயர். ரயில் பிரேக்குக் கட்டைகளில் சில இடங்கள் மட்டும் பழுப்பதைக் கவனித்து, 1969-ல் ராயல் சொஸைட்டியின் ஏட்டில் விளக்கினார். உரசும் பரப்பில் ஓர் இடம் அணுவளவு மேடாக இருந்தால் அது அதிகம் சூடாகும். சூடானால் விரிந்து இன்னும் மேடாகும். மெதுவாக உரசினால் சூடு பக்கத்தில் பரவி, தேய்மானமும் சேர்ந்து மேடு அடங்கிவிடும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டிவிட்டால் அடங்காது, வளரும். தெருவில் ஓட்டிப் பார்த்த மெக்கானிக்கின் கண்ணில் படாத குற்றவாளி, கணக்கில் அகப்பட்டுக்கொண்டான். சூட்டால் வரும் நடுக்கம் வேகத்தின் பிள்ளை.

ஆனால் நிதானமாக ஓட்டுகிறவர் காரிலும் இது வருகிறதே? என் நண்பர் ஒருவர் பரம சாது. எறும்பு குறுக்கே வந்தால்கூட ஹாரன் அடித்து வழி கேட்கிறவர். அவருடைய காருக்கு இந்த நடுக்கம் வந்தது. முதல் பட்டறையில் சக்கரத்துக்கு பாலன்ஸ் செய்தார்கள். இரண்டாவது இடத்தில் முன்பக்கத்து ரப்பர் புஷ்களை மாற்றினார்கள். மூன்றாவது இடத்தில் தட்டையே புதிதாகப் போட்டார்கள். நடுக்கம் போயிற்று, நண்பர் பால் பாயசம் சாப்பிட்டார். ஐந்து மாதத்தில் திரும்பி வந்துவிட்டது. கடைசியில் திருச்சி பாலக்கரைப் பக்கம் ஒரு வயதான மேஸ்திரியிடம் போனோம்.

மேஸ்திரி வண்டியைத் தொடுமுன் கேள்விகள் கேட்டார். பிரேக் போடாமல் ஓட்டினால் ஆடுகிறதா? இல்லை. அப்படியானால் பாலன்ஸும் டயரும் தப்பித்துக்கொண்டன. ஆடும்போது கையில் தெரிகிறதா, உட்காரும் இடத்தில் தெரிகிறதா? கையில். அப்படியானால் முன் சக்கரம். பின் சக்கரமாக இருந்தால் ஸீட்டில் உறைக்கும். முதல் மிதியிலேயே ஆடுகிறதா, மலை இறங்கிச் சூடான பிறகு ஆடுகிறதா? காலையில் முதல் மிதியிலேயே. "ம்" என்றார். சக்கரத்தைக் கழற்றி, தட்டின் விளிம்பருகே டயல் கேஜை நிறுத்தி, தட்டை மெள்ளச் சுற்றினார். முள் ஊசலாடியது. தட்டையும் கழற்றினார். அது உட்கார்ந்திருந்த ஹப்பின் முகத்தில் துரு பொருக்குத் தட்டியிருந்தது.

"சார், தட்டுல தப்பில்ல. தட்டு உக்கார்ற எடத்துல தப்பு."

"போன தடவை புதுத் தட்டே போட்டேனே, மேஸ்திரி?"

"புது மாப்பிள்ளைக்குக் கோணல் நாற்காலி போட்டா அவரு என்ன சார் பண்ணுவாரு?"

விஷயம் இவ்வளவுதான். துருவின்மேல் உட்கார்ந்த தட்டு ஒரு மயிரிழை சாய்ந்து சுழல்கிறது. பிரேக் போடாமல் ஓடும்போதும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேட்டைத் தொட்டுவிட்டுப் போகிறது. முதல் நாள் ஒன்றும் தெரியாது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடின பிறகு அந்த இடம் தேய்ந்து, தட்டின் கனம் சுற்றிலும் ஒரே சீராக இல்லாமல் போய்விடுகிறது. சக்கரத்து நட்டுகளை ஒன்றை இறுக்கமாகவும் ஒன்றைத் தளர்வாகவும் முடுக்கினாலும் இதே கதிதான். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு இருந்தால் போதும், கைக்குத் தெரிந்துவிடும். தலைமயிரின் பருமனில் நாலில் ஒரு பங்குகூட வராத பள்ளம், ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள காரை ஆட்டுகிறது!

அது ஏன் ஒரு வேகத்தில் மட்டும்? ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். சமயம் பார்த்துத் தள்ளினால் குழந்தைகூடப் பெரியவரை ஆட்டிவிடும். 110 கிலோமீட்டர் வேகத்தில் காரின் சக்கரம் விநாடிக்குச் சுமார் பதினாறு தடவை சுற்றுகிறது; பள்ளம் அத்தனை தடவை தள்ளுகிறது. சக்கரத்தையும் ஸ்டீயரிங்கையும் தாங்கும் அமைப்புக்குச் சுபாவமான ஆட்டமும் ஏறக்குறைய அந்தக் கணக்குத்தான். இரண்டும் பொருந்தும்போது வெடவெடப்பு. வேகம் 50-க்கு இறங்கினால் விநாடிக்கு ஏழு தள்ளல். ஊஞ்சல் அசைந்து கொடுக்காது. பள்ளம் அங்கேயேதான் இருக்கிறது.

மேஸ்திரி ஹப்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தட்டை மாற்றி, டயல் கேஜில் முள் அசையாததைப் பார்த்துவிட்டு, நட்டுகளை எதிரெதிராக, டார்க் ஸ்பானரால் ஒரே அளவில் முடுக்கினார். மறுநாள் விடியற்காலையில் ஆளில்லாத புறவழிச் சாலையில் 80-லிருந்து 20-க்கு நிதானமாகப் பத்துத் தடவை வேகம் குறைத்தார். ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. பிறகு பிரேக்கைத் தொடாமலே கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட்டார். புதுப் பேட்டின் பூச்சு தட்டில் சமமாகப் படிவதற்குத்தான் இது. ஸ்மித்தின் எழுத்தை அவர் படித்திருக்க நியாயம் இல்லை. சீமைப் பிரேக்கு முறைகளை வாங்கி இந்தியாவில் செய்வதற்காக 1962-ல் சென்னைக்கருகே பாடியில் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா தொழிற்சாலையின் சரக்கைத் தலைமுறை தலைமுறையாகக் கழற்றி மாட்டிய பட்டறைகளில் இந்த ஞானம் எப்படியோ ஊறியிருக்கிறது. நண்பருடைய கார் இரண்டு வருஷமாக ஆடவில்லை.

இப்போது மின்சாரக் கார்கள் வந்திருக்கின்றன. அவற்றில் காலைத் தூக்கினாலே மோட்டார் எதிர்ப்பக்கமாக வேலை செய்து, ஓட்டத்தை மறுபடி மின்சாரமாக்கி பாட்டரியில் போட்டுவிடுகிறது. இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் சூட்டில் பெரும் பங்கு வீணாகாமல் மிஞ்சுகிறது. தட்டுக்கும் பேட்டுக்கும் வேலை குறைந்துபோயிற்று. வேலை இல்லாத தட்டு மழையிலும் பனியிலும் துருப்பிடிக்கிறது. துரு ஓரிடத்தில் அதிகம், ஓரிடத்தில் குறைச்சல். என்றைக்கோ ஒரு நாள் அவசரமாக மிதித்தால் அதே பழைய நடுக்கம். முன்பு அதிகச் சூட்டால் வந்தது, இப்போது சூடே இல்லாததால் வருகிறது. வோல்க்ஸ்வாகன் கம்பெனி தன் ஐடி 3 என்ற மின்சாரக் காரை வெளியிட்டபோது பின் சக்கரங்களுக்கு என்ன பிரேக் வைத்தது தெரியுமோ? மழையும் சேறும் உள்ளே வராமல் மூடிய பழைய குண்டான். டிரம்மையேதான்.